வந்தவர்கள் கட்டிய வீடு

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள். கொரோனாப் பெருந்தொற்று நாடுகளின் வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்த வேளை. ஆஸ்திரேலியாவின் அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் தலைநகர் கான்பராவில் செய்தியாளர்களைச் சந்தித்தார். தற்காலிக விசாவில் வந்து தங்கியிருப்போர் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால், அவர்கள் தத்தம் தாயகத்துக்குத் திரும்பிவிடுவதே நலம் என்னும் பொருள்படப் பேசினார். வெளிநாட்டு மாணவர்களும் இதில் அடங்குவர். முதல் ஓராண்டுக்கான செலவைத் தாங்களே ஏற்க முடியும் என்று உறுதி கூறித்தானே அவர்கள் இங்கு வந்தார்கள் என்பது அவர் காட்டிய நியாயம்.

சட்டப்படி அந்த நியாயம் சரியே. ஆயினும் அந்த மாணவர் எந்த வழியே திரும்புவது? பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை இந்தியா மார்ச் 22ஆம் நாளிலிருந்தே நிறுத்திவிட்டது. அயல்நாடுகளில் சிக்கியோரை அழைத்துவரும் 'வந்தே பாரத்' விமானங்கள் மே 7ஆம் நாள்தான் பறக்கத் தொடங்கின. இடைப்பட்ட அந்நாட்களில் மெல்பர்னிலோ சிட்னியிலோ படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் இரு கதவுகளுக்கு நடுவே நின்றார்கள். ஒரு கதவு 'போ' என்றது. மற்றொரு கதவு 'வராதே' என்றது. உணவகங்களும் கடைகளும் மூடப்பட்டதால் பகுதிநேர வேலையும் போயிற்று. வாடகையோ மாதந்தோறும் வந்து நின்றது.

இந்தக் காட்சியைக் கருணை, கருணையின்மை என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிட்டு நாம் கடந்துபோய்விடலாம். ஆனால் அதற்கு அடியில் வரலாறு சார்ந்த ஒரு வினா இருக்கிறது. பல்கலைக்கழகம் என்னும் வீடு யாருடையது? அயல்நாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர் அவ்வீட்டின் விருந்தினரா, வாடகைதாரரா, அல்லது குடும்பத்தவரா? விடை தேடி நாம் ஏறத்தாழ 870 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அயலார் அமைத்த சங்கம்

வட இத்தாலியில் உள்ள பொலோஞா நகரம் 12ஆம் நூற்றாண்டில் சட்டக் கல்விக்குப் புகழ் பெற்றது. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்பானியர் எனப் பலரும் அங்கே வந்து குவிந்தனர். வந்தவர்களுக்கு அந்நகரில் குடியுரிமை இல்லை. அக்கால வழக்கப்படி, குடியுரிமை இல்லாதவனுக்குச் சட்டத்தின் காப்பும் பெரிதாக இல்லை. அதனால் விளைந்த கொடுமைகளுள் ஒன்றைச் சொன்னாலே போதும். ஜெர்மனியிலிருந்து வந்த வணிகன் ஒருவன் கடனைத் திருப்பித் தராமல் ஓடிவிட்டால், அதே ஊரைச் சேர்ந்த மாணவனின் பொருள்களைப் பறிமுதல் செய்து கடன் கொடுத்தவன் தன் இழப்பை ஈடுசெய்துகொள்ளலாம். செய்யாத கடனுக்கு அம்மாணவன் பொறுப்பாளியாவான். காரணம், அவன் அயலான் என்பது மட்டுமே.

பேரரசர் பிரடெரிக் பார்பரோசா ஏறத்தாழ 1155இல் வழங்கிய ஓர் ஆணை இவ்வழக்கத்துக்கு முடிவு கட்ட முற்பட்டது. வரலாற்று ஆசிரியர்கள் அதனை 'ஹபித்தா' என்னும் பெயரால் குறிப்பிடுவர். கல்வியின் மீதுள்ள அன்பால் தாயகம் துறந்து நாடோடியானவர்கள் என்று மாணவரை அது இரக்கத்தோடு நோக்கியது. அவர்கள் அச்சமின்றிப் பயணம் செய்யவும் தங்கவும் உரிமை பெற்றனர். பிறருடைய கடனுக்காக அவர்களைத் துன்புறுத்தலாகாது என்று விதிக்கப்பட்டது. அவர்கள்மீது வழக்கு எழுமானால், தம் ஆசிரியர் முன்னிலையிலோ நகர ஆயர் முன்னிலையிலோ அதனை விசாரிக்கக் கோரும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. இவ்வாறாக, ஐரோப்பியப் பல்கலைக்கழக வரலாற்றின் முதல் பெரும் சாசனமே அயல் மாணவருக்கான பாதுகாப்புச் சாசனமாக அமைந்துவிட்டது.

ஆயினும் பேரரசர் எங்கோ இருந்தார். நகரமோ கண்முன் இருந்தது. எனவே மாணவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளச் சங்கம் அமைத்தனர். தச்சரும் நெசவாளரும் தொழிற்சங்கம் அமைத்ததைப் போன்றதே அதுவும். ஒன்றாய் இணைந்த குழுவினரைக் குறிக்க இலத்தீனில் வழங்கிய சொல் 'யூனிவெர்சிதாஸ்'. இன்று நாம் 'யூனிவர்சிட்டி' என்று சொல்லும் சொல்லின் மூலம் அதுதான். 'எல்லாக் கலைகளும் பயிலும் இடம்' என்னும் பொருள் அதற்குத் தொடக்கத்தில் இல்லை. பொலோஞாவில் அச்சொல் முதன்முதலாகச் சுட்டியது கட்டடத்தையும் அன்று, ஆசிரியரையும் அன்று. வெளியூர் மாணவரின் சங்கத்தையே சுட்டியது. பொலோஞா நகரத்து மாணவருக்கு அதில் முழு உறுப்புரிமைகூட இல்லை. அவர்களைக் காக்கத்தான் நகரமே இருந்ததே!

ஆல்ப்ஸ் மலைக்கு இப்பாலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, அப்பாலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று என இரு சங்கங்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப 'நாட்டவர் குழுக்கள்' இருந்தன. சங்கத்தின் அதிபராக மாணவர் ஒருவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். பேராசிரியர்கள் அவருக்குக் கீழ்ப்படிய உறுதி கூறவேண்டும். வகுப்புக்குத் தாமதமாக வரும் ஆசிரியருக்கு அபராதம் உண்டு. ஊரைவிட்டு வெளியே செல்ல அவர் மாணவரிடம் விடுப்புப் பெறவேண்டும். நகரம் தம்மை நடத்தும் முறை பிடிக்காவிட்டால் சங்கத்தார் மொத்தமாக வேறு ஊருக்குப் பெயர்ந்துவிடுவர். நம் புனித அந்தோனியாரின் பெயரோடு இணைந்த பதுவை நகரின் பல்கலைக்கழகம், 1222இல் பொலோஞாவிலிருந்து அவ்வாறு வெளியேறியவர்களால் தோன்றியதே.

இதனைப் பொற்காலம் என்று நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. பெண்களுக்கு அங்கே இடமில்லை. வந்தவர்களுள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் திருச்சபை வருவாய் உடையோரும் பலர். குழுக்களுக்கிடையே கைகலப்பும் குறைவின்றி நடந்தது. ஆனால் ஓர் உண்மை அசைக்க முடியாதது. அயல் மாணவர் பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து நின்றவர்கள் அல்லர். அவ்வீட்டுக்கு அடித்தளமிட்டவர்களே அவர்கள்.

நோயுற்றோருக்கும் இறந்தோருக்கும்

அச்சங்கங்கள் நாள்தோறும் செய்த பணி என்ன? பொலோஞாவில் இருந்த ஜெர்மானிய நாட்டவர் குழுவின் ஆவணங்கள் நமக்கு நல்வாய்ப்பாகக் கிடைத்துள்ளன. அவை 1289ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. தம் குழுவின் நோக்கங்களை அவர்களே வரிசைப்படுத்தியுள்ளனர். சகோதர அன்பு, ஒருவரோடொருவர் நட்பு, நோயுற்றோரைத் தேற்றுதல், வறியோரைத் தாங்குதல், இறந்தோரை அடக்கம் செய்தல், பகை நீக்குதல், தேர்வுக்குச் செல்பவரை உடன் அழைத்துச் சென்று திரும்பக் கூட்டிவருதல், உறுப்பினரின் ஆன்ம நலம் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும்.

இப்பட்டியலை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்ப்போம். படிப்பைப் பற்றி அதில் அதிகம் இல்லை. தாய் அருகில் இல்லாத இடத்தில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பவர் யார்? பணம் தீர்ந்தால் கேட்பதற்கு யார்? சாவு நேர்ந்தால் கல்லறைவரை உடன் வருபவர் யார்? கூடவே, தேர்வு நாளன்று தனியே நடக்க வேண்டியதில்லை என்னும் ஆறுதல். ஊர்விட்டு ஊர் சென்று படிக்கும் பிள்ளைக்குத் தேவையானவை ஏழு நூற்றாண்டுகளில் எவ்வளவு குறைவாக மாறியிருக்கின்றன!

இங்கிலாந்தில் மாணவருக்கான உதவி வேறொரு வழியில் வளர்ந்தது. 1209இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண் கொலையுண்டாள். குற்றவாளி என்று கருதப்பட்ட மாணவன் தப்பியோட, அவனோடு தங்கியிருந்தவர்களை நகரத்தார் தூக்கிலிட்டனர். மாணவரும் ஆசிரியரும் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் சென்று சேர்ந்த இடமே கேம்பிரிட்ஜ். 1214இல் திருத்தந்தையின் தூதர் வழங்கிய தீர்ப்பின்படி, ஆக்ஸ்போர்டு நகரத்தார் ஏழை மாணவருக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்தவேண்டும். புனித நிக்கோலாஸ் திருநாளன்று 100 ஏழை மாணவருக்கு விருந்து அளிக்கவேண்டும். லிங்கன் மறைமாவட்ட ஆயராய் இருந்த ராபர்ட் குரோஸ்டெஸ்ட் 1240இல் அத்தொகையைக் கொண்டு ஒரு நிதிப் பேழையை ஏற்படுத்தினார். புனித பிரைட்ஸ்வைட் பேழை என்று அதற்குப் பெயர். பணமுடை வந்த மாணவன் தன் நூலையோ வேறு பொருளையோ ஈடாக வைத்து அதிலிருந்து வட்டியில்லாக் கடன் பெறலாம். இன்றைய பல்கலைக்கழகங்கள் 'அவசரகால மாணவர் நிதி' என்று அறிவிக்கும் ஏற்பாட்டின் முன்னோடி அந்தப் பேழைதான்.

கருஞ்சாவின் நாட்கள்

இவ்வமைப்புகளைக் கடுமையாகச் சோதித்தது 1347இல் சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிளேக் நோய். 'கருஞ்சாவு' என்று பின்னாளில் பெயர் பெற்ற அக்கொள்ளைநோய் சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரையோ அதற்கும் மேற்பட்டோரையோ விழுங்கியது. 1348இல் அது பொலோஞாவை அடைந்தது. திருச்சபைச் சட்டத்தில் அக்காலத்தின் தலைசிறந்த பேரறிஞர் ஜொவான்னி தாந்திரேயா அவ்வாண்டு ஜூலையில் அந்நோய்க்கே இரையானார். ஆசிரியரே மடியும்போது மாணவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நோய் பரவிய இடங்களிலெல்லாம் அயலார்மீது ஐயமும் பரவியது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் பொய் கிளம்பி, பல நகரங்களில் அவர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே ஆணைகள் வெளியிட்டு அப்பொய்யைக் கண்டித்தார். கிறிஸ்தவரைப் போலவே யூதரும் இந்நோயால் மடிகின்றனரே என்று அவர் சுட்டிக்காட்டினார். பலர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. 2020 பிப்ரவரியில் இலண்டன் தெருவொன்றில் சிங்கப்பூர் மாணவர் ஒருவர், அவரது முகத்தோற்றத்தைக் கண்டு கொரோனாவின் பெயரைச் சொன்னவர்களால் தாக்கப்பட்டார். அச்செய்தியைப் படித்தபோது, அந்தப் பழைய பொய் இன்னும் சாகவில்லை என்பதே புலப்பட்டது.

பிளேக் ஓய்ந்தபின் எழுந்த சில நிறுவனங்கள் நம் கருத்துக்கு உரியவை. நோரிச் ஆயர் வில்லியம் பேட்மன், நோயால் தம் மறைமாவட்டம் இழந்த குருக்களின் இடத்தை நிரப்ப வேண்டி, 1350இல் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹால் என்னும் கல்லூரியை நிறுவினார். அதே நகரில் 1352இல் பொதுமக்களின் இரு பக்தசபைகள் சேர்ந்து கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியை எழுப்பின. ஆயரின் கருவூலமன்றிச் சாதாரண நகரத்தாரின் காணிக்கையே அதற்கு அடிப்படை என்பதைப் பொதுநிலையினராகிய நீங்கள் பெருமையோடு நினைக்கலாம். எனினும் அயல் மாணவரை நோக்குமிடத்து, இவற்றினும் சிறப்பாக நினைவுகூரத்தக்கவர் கர்தினால் கில் அல்போர்னோஸ். ஸ்பெயின் நாட்டவராகிய அவர் திருத்தந்தையின் பிரதிநிதியாய் இத்தாலியில் பணியாற்றியவர். பொலோஞாவுக்கு வந்து படிக்கும் தம் நாட்டு மாணவருக்கென ஓர் இல்லம் அமைய வேண்டும் என்று 1364இல் உயில் எழுதினார். 1367இல் அவர் இறந்தார். இல்லமும் அக்காலத்திலேயே எழுந்தது. ஸ்பானியக் கல்லூரி என்னும் பெயரோடு அது இன்றும் அங்கே ஸ்பானிய மாணவரை ஏற்று வருகிறது. எத்தனையோ கொள்ளைநோய்களும் போர்களும் வந்து போயின. அந்தக் கதவு நிலைத்திருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்த வேண்டும். துன்பக் காலத்தில் அளிக்கும் பிச்சை அன்றே செலவாகிவிடும். முன்கூட்டியே எழுதிவைத்த உரிமையும், எழுப்பிவைத்த இல்லமும், நிரப்பிவைத்த பேழையும் துன்பம் வரும்வரை காத்திருந்து தாங்கும்.

1665இல் கேம்பிரிட்ஜில் மீண்டும் பிளேக் பரவியபோது பல்கலைக்கழகம் மாணவரை வீட்டுக்கு அனுப்பியது. இளைஞர் ஐசக் நியூட்டன் தம் சொந்த ஊராகிய வூல்ஸ்தார்ப்புக்குச் சென்று, அந்த ஓய்வில் கணிதத்திலும் ஒளியியலிலும் அரும்பெரும் சிந்தனைகளில் ஈடுபட்டார். கொரோனா நாட்களில் இக்கதையைச் சொல்லி மாணவரை ஊக்கப்படுத்தியோர் பலர். ஆனால் அது உள்நாட்டிலேயே வீடும், அவ்வீட்டில் காத்திருக்கத் தாயும் இருந்த ஒருவரின் கதை. கடல் கடந்து வந்தவனுக்கு அது எவ்விதம் ஆறுதலாகும்?

உறுப்பினர் வாடிக்கையாளர் ஆனார்

நூற்றாண்டுகள் சென்றன. மாணவர் சங்கங்களின் அதிகாரம் படிப்படியாக நகரங்களுக்கும் மன்னர்களுக்கும் பின்பு அரசுகளுக்கும் கைமாறிற்று. நாடுகள் எல்லை வகுத்துக் கடவுச்சீட்டும் விசாவும் கண்டன. எனினும் அயல் மாணவர் பொருள் ஈட்டித் தருபவராகக் கருதப்பட்டது மிக அண்மைக் காலத்தில்தான். ஆஸ்திரேலியாவே இதற்குத் தெளிவான சான்று.

1951இல் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின்கீழ் இலங்கை, இந்தியா, மலாயா முதலிய நாடுகளின் மாணவர் உதவித்தொகை பெற்று ஆஸ்திரேலியா சென்றனர். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்னும் கொள்கை அங்கு ஆட்சி செய்த காலம் அது. அந்த மாணவரோடு பழகிய குடும்பங்களும் வகுப்புத் தோழரும் ஆசியரை முதன்முறையாக மனிதராக அறிந்தனர். அக்கொள்கை தளர்வதற்கு அப்பழக்கமும் துணைநின்றது என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு.

1985இல் காற்று திசை மாறியது. வெளிநாட்டு மாணவரிடம் முழுக் கட்டணம் பெற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வழிவிட்டது. 1990 முதல் புதிதாக வருவோர் உதவித்தொகை இல்லாதவராயின் முழுக் கட்டணம் செலுத்தியே படிக்கவேண்டும் என்றாயிற்று. அதன்பின் 30 ஆண்டுகளில், அயல் மாணவரால் அந்நாட்டுக்குக் கிடைத்த வருவாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி ஆஸ்திரேலிய டாலரை எட்டியது. உள்நாட்டு ஆராய்ச்சிகள்கூட அவர்களின் கட்டணத்தைப் பெரிதும் சார்ந்து நின்றன. பெருந்தொற்று வந்தபோது அங்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர் இருந்தனர். கட்டணம் கேட்பது பாவமன்று. ஆயினும், கொடுப்பவர் என்னும் ஒரே உறவில் மனிதரை நோக்கிப் பழகிய கண், அவர் கொடுக்க இயலாதபோது அவரைக் காணத் தவறிவிடும்.

2020இல் நடந்தவை

தொழிலாளரின் ஊதியத்தைத் தாங்கிப்பிடிக்க ஆஸ்திரேலிய அரசு 2020 மார்ச் இறுதியில் அறிவித்த பெருந்திட்டத்தில் தற்காலிக விசாவில் இருந்தோருள் பெரும்பாலோருக்கு இடமில்லை. அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களும் நடைமுறையில் அத்திட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. வருவாய் இழந்த அப்பல்கலைக்கழகங்கள் பிற்பாடு தம் பணியாளர் பலரையே வீட்டுக்கு அனுப்பின. அந்த நெருக்கடியிலும் அவை முற்றிலும் கைவிரித்துவிடவில்லை. பல நிறுவனங்கள் அவசர நிதி திறந்தன. உணவுப் பொருள்கள் வழங்கின. வீட்டில் இணைய வசதி இல்லாதோருக்குக் கணினியும் இணைப்பும் கொடுத்தன. கட்டணம் செலுத்தத் தவணை நீட்டித்தன. விக்டோரியா மாநில அரசு ஏப்ரல் இறுதியில் 4.5 கோடி டாலர் நிதியொன்றை அறிவித்தது. தகுதியுள்ள மாணவர் ஒவ்வொருவருக்கும் 1,100 டாலர்வரை கிடைக்கும். அதில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகங்கள் ஏற்றன. நன்றியோடு நினைக்கத்தக்க உதவிதான். ஆனால் ஊரடங்கோ மாதக்கணக்கில் நீண்டது.

கனடா வேறு வழியில் சிந்தித்தது. வேலையிழந்தோருக்கு மாதம் 2,000 கனடிய டாலர் வழங்கிய அவசர உதவித் திட்டத்தில், முந்தைய ஓராண்டில் குறைந்தது 5,000 டாலர் ஈட்டியிருந்த வெளிநாட்டு மாணவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். வேலை செய்தவன் வேலை செய்தவனே. அவன் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் என்ன?

பிரிட்டனிலோ, கிழக்கு இலண்டனில் இந்திய, வங்கதேச மாணவர் நூற்றுக்கணக்கில் உணவுப் பொட்டலங்களுக்காக வரிசையில் நின்றனர். அவர்களுக்கு உணவளிக்க முன்வந்தோர் அப்பகுதியின் சாதாரண மக்கள் நடத்திய தொண்டு அமைப்பினர். பெரும்பணம் கட்டிப் படிக்க வந்த பிள்ளைகள் அரிசிக்கும் பருப்புக்கும் நின்ற அவ்வரிசையை எண்ணும்போது, ஊரில் நிலத்தை அடகு வைத்த தந்தையரின் முகமே நம் கண்முன் வருகிறது. மகனும் வீட்டாரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டான். 'நன்றாகச் சாப்பிடுகிறேன், அம்மா' என்றுதான் தொலைபேசியில் சொல்லியிருப்பான்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாக நோக்குவது தகும். அங்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அயல் மாணவர் இருந்தனர். 2020 ஜூலை 6ஆம் நாள் குடிவரவுத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வரும் பருவத்தில் தம் பாடங்கள் அனைத்தும் இணையவழியே நடைபெறுமானால் வெளிநாட்டு மாணவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், அல்லது நேரடி வகுப்பு நடத்தும் நிறுவனத்துக்கு மாறவேண்டும் என்பது அதன் சாரம். நோய்க்கு அஞ்சி வகுப்பறையை மூடினால் மாணவரை இழக்க வேண்டும். மாணவரைக் காக்க வகுப்பறையைத் திறந்தால் நோயை வரவேற்க வேண்டும். இரண்டே நாளில், ஜூலை 8 அன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பாஸ்டன் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. வேறு பல கல்வி நிறுவனங்களும் மாநில அரசுகளும் துணைநின்றன. ஜூலை 14 அன்று வழக்கு விசாரணைக்கு வந்தபோது அரசு தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக நீதிபதி தெரிவித்தார்.

அப்பல்கலைக்கழகங்களுக்குத் தம் வருவாயிலும் கண் இருந்தது என்போர் உளர், இருந்திருக்கலாம். ஆனால் அங்கு நிகழ்ந்தது நாம் முன்பே கண்ட ஒன்று. அரசின் கைக்கும் அயல் மாணவனுக்கும் இடையே பல்கலைக்கழகம் வந்து நின்றது. 'இவர் எம்மவர், இவரைத் தொட வேண்டுமானால் எங்களிடம் வழக்காடுங்கள்' என்னும் பொருள்பட நின்றது. பொலோஞாவின் பழைய சங்கம் ஒரு வாரத்துக்கு உயிர்பெற்று எழுந்ததைப் போல அது இருந்தது.

அறிவுரைக்கும் உதவித்தொகைக்கும் அப்பாற்பட்ட உதவி இது. பணம் தருவது பெரிது; இடம் தருவது அதனினும் பெரிது; பக்கத்தில் வந்து நிற்பது எல்லாவற்றினும் பெரிது.

வெளியே நின்றவர்கள்

உள்ளே இருந்தவர்களின் துயரைச் சொன்னோம். வெளியே அடைபட்டவர்களின் துயரும் சிறிதன்று. இந்தியாவில் முதல் கொரோனா நோயாளியாக 2020 ஜனவரி 30 அன்று அறியப்பட்டவரே சீனாவின் வூகான் நகரிலிருந்து கேரளத்துக்குத் திரும்பிய மருத்துவ மாணவிதான். பிப்ரவரி முதல் இரு நாட்களில் ஏர் இந்தியா விமானங்கள் வூகானிலிருந்து 600க்கும் மேற்பட்டோரை அழைத்துவந்தன; அவர்களுள் பலர் மாணவர். வந்தவர்கள் சில மாதங்களில் திரும்பலாம் என்றே எண்ணினர். ஆனால் சீனா தன் வாயிலை இரண்டரை ஆண்டுகள் அடைத்தே வைத்திருந்தது. தமிழகத்தைச் சேர்ந்தோர் உட்பட 23,000க்கும் மேற்பட்ட இந்திய மாணவர், நோயாளியைத் தொட்டுப் பயில வேண்டிய மருத்துவத்தைக் கைப்பேசித் திரையில் பயின்றனர். 2022 ஆகஸ்டில்தான் அவர்களுக்கு மீண்டும் விசா கிடைக்கத் தொடங்கியது. பாடம் நடந்தது, கட்டணம் பெறப்பட்டது, ஆனால் அவர்களுக்காக வாதாட ஒரு சங்கம் இல்லை.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகம் இதற்கு மாறான ஒரு சிறு முயற்சியைச் செய்தது. அரசுகளின் இசைவைப் பெற்று, 2020 நவம்பர் 30 அன்று சிங்கப்பூரிலிருந்து தனி விமானத்தில் 63 வெளிநாட்டு மாணவரை வரவழைத்தது. ஊருக்கு வெளியே இருந்த முகாமில் அவர்கள் 14 நாள் தனித்திருந்து, பின்பு வகுப்புக்குச் சென்றனர். லட்சக்கணக்கானோருக்கு முன் 63 என்பது எம்மாத்திரம்? ஆயினும் மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அந்த 63 பேர் சாட்சி.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவிலும் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் மாணவர் ஆயிரக்கணக்கில் படிக்கின்றனர். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, விடுதிகளில் எஞ்சியிருந்தோர், சிறப்பாக வெளிநாட்டு மாணவர், தொடர்ந்து தங்க இசைவளிக்குமாறு மத்திய அமைச்சகம் அறிவுறுத்தியது நன்று. ஆனால் நம் ஊர்த் தெருவில் நடந்து செல்லும் நைஜீரிய மாணவரை நாம் என்ன கண்கொண்டு பார்க்கிறோம்? வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் என்ன விடை சொல்கிறோம்? மெல்பர்னில் நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என நாம் விரும்புவது, நம் தெருவில் பிறர் பிள்ளைக்குக் கிடைக்கிறதா?

மீண்டும் திறந்த கதவு

கதையின் முடிவையும் சொல்லிவிடுவோம். 2021 டிசம்பர் 15 அன்று ஆஸ்திரேலியா வெளிநாட்டு மாணவருக்குத் தன் எல்லையைத் திறந்தது. 2022 ஜனவரி 19 அன்று அதே பிரதமர் மாரிசன் மீண்டும் செய்தியாளரைச் சந்தித்தார். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலைக்கு ஆளில்லை. அடுத்த எட்டு வாரங்களுக்குள் வந்து சேரும் மாணவருக்கு விசாக் கட்டணமாகிய 630 டாலர் திருப்பித் தரப்படும் என்றும், வேலை செய்யும் நேரத்துக்கு இருந்த வரம்பு தளர்த்தப்படும் என்றும் அவர் அறிவித்தார். 'போய்விடுங்கள்' என்ற சொல்லுக்கும் 'வாருங்கள்' என்ற சொல்லுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை.

இதனை எள்ளி நகையாட நாம் இங்கே நினைவுகூரவில்லை. தேவைப்படும்போது அழைத்து, தேவையற்றபோது அனுப்புவது வாணிகத்தின் இயல்பு. பல்கலைக்கழகமோ அவ்வியல்பிலிருந்து பிறந்ததன்று. கடன்காரனுக்கும் காவலனுக்கும் அஞ்சி நின்ற அயலூர் இளைஞர் சிலர், நோயில் ஒருவரையொருவர் தேற்றவும் சாவில் ஒருவரையொருவர் சுமக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து அது பிறந்தது. அந்தப் பிறப்பை மறவாத நிறுவனம் கொள்ளைநோய் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் இன்று பல வினாக்களைக் கேட்கின்றனர். தரவரிசை என்ன, கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று விசாரிக்கின்றனர். அவற்றோடு இன்னும் ஒன்றையும் கேட்கலாம். 2020இல் அந்நிறுவனம் தன்னிடம் இருந்த அயல் மாணவருக்கு என்ன செய்தது? அங்கே முன்பு படித்தோரைக் கண்டுபிடித்து, விடுதிக் கதவு திறந்திருந்ததா, நிதிப் பேழையில் பணம் இருந்ததா, பேச ஒரு சங்கம் இருந்ததா என்று விசாரித்தறியலாம். அவ்விடைகளை எந்த விளம்பரச் சுவடியிலும் காண முடியாது. ஆனால் அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில், வீட்டுக்குத் திரும்ப வழியற்று நிற்கும் நம் பிள்ளை அந்த விடைகளை நம்பித்தான் வாழ வேண்டியிருக்கும்.